வடக்குச் சுவரின் பைன் காய்கள்

அவளை எல்லோரும் மோட்டாரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். லாரிக்காரர்கள், சூளையில் வேகிறவர்கள், கடைசியில் சொந்தத் தம்பியின் மனைவி வரைக்கும் அந்தப் பெயர்தான். ஓட்டு ஆலைக்குக் களிமண் எடுக்கும் குழியில் தண்ணீர் இறைப்பது அவள் வேலை. சாதாரணக் குழி இல்லை அது. மேலே விளிம்பில் நின்று பார்த்தால் அடியில் நிற்கும் பொக்லைன் தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரியும். அவ்வளவு ஆழம் போனால் நாலு பக்கமும் கசியாமல் இருக்குமா? இரண்டு மோட்டாரும் இரவு பகலாக ஓடினால்தான் அடித்தரையில் கால் வைத்து நடக்க முடியும்.

அந்த வேலை முதலில் அவள் புருஷனுடையது. வெளியூருக்குப் போனவன் அங்கேயே இன்னொரு குடும்பம் நடத்தத் தொடங்கிவிட்டான். யாராவது அக்கறையாக விசாரித்தால், “வேற லைன்ல கனெக்‌ஷன் குடுத்துட்டாரு” என்பாள். கேட்டவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்பார்கள். நாற்காலி காலியாகக் கிடந்தால் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள் என்று மறுநாளே போய் உட்கார்ந்தவள், எழுந்திருக்கவே இல்லை. பொக்லைன் ஓட்டுகிற தம்பியையும் அவள்தான் அங்கே சேர்த்துவிட்டாள். தம்பி, தம்பி மனைவி, அவள் என்று மூன்று பேரும் ஆலைக்குப் பின்தெருவில் ஒரே வீட்டில் இருந்தார்கள். தம்பி மனைவி வீட்டிலேயே தையல் போட்டாள். வாழ்க்கை பெரிய மேடு பள்ளம் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் காலையில் வடக்குப் பக்க மோட்டார் திணறியது. தண்ணீரை உறிஞ்ச முடியாமல் தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்டவன் மாதிரி இழுத்தது. நிறுத்திவிட்டு உறிஞ்சு குழாயை இழுத்துப் பார்த்தாள். அடியில் இருக்கிற சல்லடை முழுக்கக் கறுப்பு கறுப்பாக என்னவோ அப்பிக்கிடந்தது. கரித்துண்டு என்று நினைத்து உதறினாள். உதறியவை உருண்டன. ஒன்றைக் கையில் எடுத்துத் தேய்த்துக் கழுவினாள். கட்டைவிரல் நீளம். மேலே ஓடு வேய்ந்த மாதிரி செதில் செதிலாக, ஒன்றன்மேல் ஒன்று நெருக்கி மூடியிருந்தது. குளிர்ப் பிரதேசத்துக்குப் போய்வந்தவர்கள் வீட்டு அலமாரியில் வைத்திருப்பார்களே பைன் காய், அதேதான். என்ன, கறுப்பு. சில காய்கள் கையில் கரியாக ஒட்டின. சிலவற்றில் தங்கப் பொடி தூவினது மாதிரி மினுக்கம்.

சுற்றுவட்டாரத்தில் பைன் மரம் ஒன்றுகூடக் கிடையாது. பின்னே இது எங்கிருந்து வந்தது? வடக்குச் சுவரைப் பார்த்தாள். சுவரின் பாதியில், சாம்பல் நிறக் களிமண்ணுக்கு நடுவே, ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்புப் பட்டை ஓடிக்கொண்டிருந்தது. எப்போதும் இருப்பதுதான். அன்றைக்கு அதிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. தெளிந்த தண்ணீர் இல்லை, டிகாக்‌ஷன் நிறம்.

நல்லதாக நாலைந்து காய்களைப் பொறுக்கிச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். அழகாக இருந்ததுதான் காரணம். வீட்டு ஜன்னலோரம் ஒரு துணி விரித்து வரிசையாக வைத்தாள். தம்பி போனில் படம் எடுத்து யாருக்கோ அனுப்ப, அது கை மாறிக் கை மாறி எங்கெங்கோ சுற்றி, ஒரு காலையில் முதுகுப்பையும் சேற்றுச் செருப்புமாக ஒரு பெண் குழியின் வாசலில் வந்து நின்றாள்.

புதைந்துபோன பழைய செடிகொடிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். முதலாளியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு நேரே குழிக்கு அடியில் இருந்த மோட்டார் கொட்டகைக்கு இறங்கி வந்தாள். குழிக்காரர்கள் அன்று மாலைக்குள் அவளுக்குக் காய் மேடம் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

“இது எவ்வளவு பழசு தெரியுமாக்கா?” என்று கேட்டாள் காய் மேடம்.

“எங்க தாத்தா காலத்துதா?”

“டைனோசர் காலத்துது. கிரெட்டேசியஸ்னு சொல்லுவோம். பத்து கோடி வருஷத்துக்கும் மேல.”

மோட்டாரக்கா கையிலிருந்த காயைச் சட்டென்று கீழே வைத்தாள். அதுவரை அதை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு காயைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து காட்டினாள் மேடம். ஒவ்வொரு செதிலின் மேலும் இரண்டிரண்டு விதைகள் இருந்த தடம். “பைன் குடும்பத்துக்கு இதான் அடையாளம். ஒரு செதிலுக்கு ரெண்டு விதை. ஆனா இன்னைக்கு இருக்கிற எந்த மரத்தோடயும் இது முழுசா ஒத்துப்போகாது. பைன்கிட்ட பாதி குணம், தேவதாருகிட்ட பாதி குணம். அந்த வகையே அத்துப்போச்சு.”

“மூடியே கிடக்கே. விதைய விடலையா?”

“விடறதுக்கு நேரமில்லக்கா. பாதி காய் கரியா இருக்கு பாருங்க. காடு எரிஞ்சிருக்கு. எரிஞ்ச மலைல பெரிய மழை பேஞ்சிருக்கணும். புடிச்சுக்க வேர் இல்ல. மண்ணு, மரம், காய் எல்லாம் ஒரே நாள்ல சரிஞ்சு வந்து இங்க படுத்திருக்கு.”

அவள் சொன்னது பாடம் மாதிரி இல்லை, பக்கத்துத் தெருவில் நேற்று நடந்ததைச் சொல்வது மாதிரி இருந்தது. ஒரு மலையே சரிந்து வந்து படுத்த இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று மோட்டாரக்காவுக்குத் தோன்றியது. பக்கத்தில் நின்ற பையனை டீ வாங்கிவர அனுப்பினாள்.

அதன் பிறகு காய் மேடம் அடிக்கடி வந்தாள். சல்லடையில் சிக்கும் காய்களையெல்லாம் மோட்டாரக்கா ஒரு பக்கெட் தண்ணீரில் போட்டு வைப்பாள். காற்றுப் பட்டால் கெட்டுவிடும், தண்ணீரிலேயே இருக்கட்டும் என்று மேடம் சொல்லியிருந்தாள். முதலில் வாரத்துக்குக் கையளவு வந்தது. பிறகு தினமும் பாதிப் பக்கெட். மேடத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மோட்டாரக்காவுக்கும் சந்தோஷம்தான், யாரும் எட்டிப் பார்க்காத கொட்டகைக்கு ஒரு ஆள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறாளே. இவ்வளவு காய் வருகிறதென்றால் அங்கே உள்ளே அவ்வளவு காலியாகிறது என்று இரண்டு பேரில் ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

வீட்டில் ஜன்னலோரம் வைத்த காய்கள்தான் முதலில் சரியில்லாமல் போயின. செதில்களுக்கு நடுவே வெள்ளையும் மஞ்சளுமாகப் பொடி பூத்தது. அறை முழுக்கத் தீக்குச்சி உரசி அணைத்த வாடை.

“அக்கா, அது என்ன சனியன்? தைக்கற துணில எல்லாம் நாத்தம் ஏறுது” என்றாள் தம்பி மனைவி.

எடுத்துப் பார்த்தால் அடியில் விரித்திருந்த துணி வட்ட வட்டமாக இற்றுப்போயிருந்தது. பலகையிலும் தழும்பு. அந்தத் தங்க மினுக்கம் கந்தகமும் இரும்பும் சேர்ந்தது, காற்றும் ஈரமும் பட்டால் அமிலமாகி எல்லாவற்றையும் தின்னும் என்று மேடம் விளக்கினாள். “குழியிலயும் அதேதான் நடக்கும். காத்து படற வரைக்கும் கல்லு. பட்டுட்டா பொடி.” சொல்லிவிட்டு நோட்டில் எதையோ குறித்துக்கொண்டாள்.

மறுநாள் மேடம் சுவரின் வெட்டுப்படி வரை ஏறி, அங்கிருந்து ஏணி போட்டுக் கறுப்புப் பட்டையை எட்டி, வரைபடத்துக்காக அதன் சாய்வை அளந்தாள். இறங்கி வந்தபோது முகம் மாறியிருந்தது.

“அக்கா, இந்தப் பட்டை சமமா இல்ல. குழி பக்கமா சாயுது.”

“சாஞ்சா?”

மேடம் கொட்டகை மேசையில் இருந்த எவர்சில்வர் மூடியைக் கவிழ்த்துச் சாய்த்துப் பிடித்து, தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு சோப்பை வைத்தாள். அவ்வளவுதான், பேச்சே தேவைப்படவில்லை. சோப்பு வழுக்கி மோட்டாரக்காவின் மடியில் விழுந்தது.

“சுவரோட மேல்பாதி மொத்தமும் அந்தக் கறுப்பு மேலதான் உக்காந்திருக்கு. கீழ உங்க தம்பி மண்ண எடுக்க எடுக்க, முட்டுக் குடுக்கறது போய்க்கிட்டே இருக்கு. நானும் முட்டாள் மாதிரி காய் வருது காய் வருதுன்னு குதிச்சுக்கிட்டிருந்தேன்.”

இருவரும் மேலே ஏறிப்போய்ப் பார்த்தார்கள். வடக்கு விளிம்பில் லாரி போகிற பாதையின் குறுக்கே மயிரிழை மாதிரி ஒரு விரிசல் இருந்தது. மோட்டாரக்கா செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் கால் வைத்துப் பார்த்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது.

முதலாளி கெட்டவர் இல்லை. இருவரும் போய்ச் சொன்னதைப் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டு முடித்து மேடத்தைப் பார்த்து, “நீங்க காய் பொறுக்க வந்தீங்க. பொறுக்கியாச்சு. இனிமே வர வேணாம்” என்றார். மோட்டாரக்காவிடம், “குழின்னா விரிசல் இருக்கும்மா. உன் வேலை தண்ணி. அத மட்டும் பாரு” என்றார். விரிசலில் மண் கொட்டி ரோலர் ஓட்டச் சொன்னார். ஓட்டினார்கள். சில நாளில் அது திரும்ப வாயைத் திறந்தது. இந்தத் தடவை விரல் நுழைந்தது.

நல்ல மண் வடக்குச் சுவரின் காலடியில்தான் இருந்தது. தம்பி அங்கேதான் தோண்டினான். அதுவும் ஏசி கேபின். கதவைச் சாத்திக்கொண்டு காதில் பாட்டை மாட்டிக்கொண்டால் இடி விழுந்தாலும் கேட்காது.

“டேய், அந்தப் பக்கம் தோண்டாதடா. சொல்றதக் கேளு.”

“எங்க தோண்டணும்னு நான் முடிவு பண்றதில்லக்கா.”

“மதியம் சாப்பிடவாவது மேல வாயேன்.”

“வெயில்ல வந்து என்ன பண்றது? அங்கதான் நிழலு.” சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தான். “காய் மேடத்தோட சேர்ந்து நீயும் மேடம் ஆயிட்ட. குழிக்குள்ள எல்லாரும் உனக்கு சகுனக்காரின்னு பேரு மாத்திட்டாங்க, தெரியுமா?”

தம்பி மனைவி சிரிக்கவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவும்போது மெதுவாகக் கேட்டாள்: “நிஜமாவே விழுமாக்கா?”

“தெரியலம்மா.”

“தெரியலன்னா எதுக்குப் பயமுறுத்தறீங்க?”

எப்போது விழும் என்று சொல்ல முடிந்தால் எல்லோரும் கேட்பார்கள். விழலாம் என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. சல்லடையில் இப்போது காய் மட்டுமல்ல, கரிந்த மரத்துண்டு, பட்டை, உறைந்த பிசின் கட்டிகள் எல்லாம் வந்தன. அடைப்பை எடுத்துவிட்டால் மோட்டார் வழக்கம்போல ஓடும். அந்த வழக்கமான சத்தம்தான் அவளை அதிகம் பயமுறுத்தியது. நான் ஓட்டுவதால்தானே அடி காய்கிறது, அடி காய்வதால்தானே தம்பி அங்கே நிற்கிறான் என்று ஒரு கணக்கு அவள் தலையில் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது.

ஒருநாள் பொக்லைனின் சக்கரச் சங்கிலியில் ஆணி தேய்ந்து, பழுது பார்க்க அதை மேலே ஏற்றிக்கொண்டு போனார்கள். அடியில் ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து எல்லோரும் போனார்கள். மோட்டாரக்கா இரண்டு ஸ்டார்டரையும் அணைத்தாள். ஃபியூஸ்களைப் பிடுங்கினாள். கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் எறிந்தாள். அவள் அங்கே உட்கார்ந்த நாளிலிருந்து இரண்டு மோட்டாரும் ஒன்றாக நின்றதே இல்லை. குழிக்குள் கசிவின் சத்தம் நாலு பக்கமும் கேட்டது. யாரோ பல பேர் ஒரே நேரத்தில் கிசுகிசுப்பது மாதிரி.

அன்று இரவே மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் காலையில் குழிக்குள் ஆள் உயரத்துக்குத் தண்ணீர். அடுத்த நாள் கொட்டகையின் கூரை மட்டும் தெரிந்தது.

முதலாளி கேட்டபோது அவள் சுற்றி வளைக்கவில்லை. “நான்தான் நிறுத்தினேன். தெரிஞ்சேதான் நிறுத்தினேன்.”

அவர் வாசலைக் காட்டினார். “போலீசுக்குப் போகாம விடறேன், உன் தம்பி மூஞ்சிக்காக. இந்த வாசல்ல இனிமே உன்ன பாக்கக் கூடாது.”

தம்பி வீட்டுக்கு வந்து சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது அவளுக்கு. அவன் ஒன்றும் பேசவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வாசற்படியில் போய் உட்கார்ந்து சாப்பிட்டான். மறுநாளும் அப்படியே. ஒரே வீட்டில், அவள் இருக்கும் அறையைத் தாண்டும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு போனான்.

முதலாளி பெரிய டீசல் பம்புகளை வாடகைக்கு எடுத்தார். அவற்றோடு கூடவே ஒரு பம்புக்காரரும் வந்தார். நரைத்த மீசை, தோளில் எண்ணெய்த் துண்டு. பழைய குழாய் எங்கே கிடக்கிறது, அடியில் மேடு எது பள்ளம் எது என்று கேட்க அவர் மோட்டாரக்காவைத் தேடி வீட்டுக்கே வந்தார். தொழில்காரர் தொழில்காரரிடம் கேட்கிற மரியாதையோடு கேட்டார். அவளும் ஒளிக்காமல் எல்லாம் சொன்னாள். சொல்லி முடித்து, “வடக்குப் பக்கம் மட்டும் பம்ப வைக்காதீங்கண்ணே. சுவர் சரியில்ல” என்றாள்.

“சரியான சுவர் எந்தக் குழில இருக்கு தங்கச்சி? பள்ளம் அந்தப் பக்கம்தான்னு நீங்களே சொல்றீங்க. பள்ளத்துல வச்சாத்தான உறிஞ்சும்?”

அது சரிதான். அவள் அதற்கு மேல் என்ன சொல்வாள்? தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பும்போது அவர் ஜன்னலோரம் மிச்சமிருந்த காயை ஆசையாகக் கையில் எடுத்தார். அது அவர் உள்ளங்கையிலேயே பொடியாக உதிர்ந்தது. “அடடா, உடைச்சுட்டேனே” என்று குழந்தை மாதிரி விழித்தார்.

“அது தானாவே உடையறதுதான் அண்ணே. கைய நல்லா கழுவிக்கோங்க, அரிக்கும்.”

வடக்குப் பக்கமே இறக்கி வைத்த அந்தப் பம்புகளுக்கு அசுர பலம். வாரக்கணக்கில் ஏறிய தண்ணீரைச் சில நாட்களிலேயே பாதிக்கு மேல் இறக்கிவிட்டன. ஆலையில் எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. தம்பி பழுது பார்த்த பொக்லைனைத் தெற்கு விளிம்பில் நிறுத்தி, அடி எப்போது தெரியும் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மோட்டாரக்கா வீட்டில் தம்பி மனைவிக்காகப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஜல்லி லாரி ஒன்று பின்தட்டைத் திறந்துவிட்டுக் கொட்டுகிற மாதிரி சத்தம் கேட்டது. கொட்டி முடிக்கவேண்டிய நேரம் ஆகியும் சத்தம் நிற்கவில்லை. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு செருப்புகூடப் போடாமல் ஓடினார்கள்.

வடக்கு விளிம்பில் லாரிப் பாதையே இல்லை. சுவரின் மேல்பாதி முழுசாக, மேலே இருந்த புதர்கள் நின்றபடியே, கீழே வந்து உட்கார்ந்திருந்தது. தண்ணீர் எதிர்க்கரையில் மோதித் திரும்பிக்கொண்டிருந்தது. தெற்கு விளிம்பில் தம்பி நின்றான். தலை முதல் கால் வரை சேறு தெறித்திருந்தது. அக்காவைப் பார்த்ததும் அவன் உதடுகள் அசைந்தன. “அந்த அண்ணன்” என்றான். கையை நீட்டி வடக்கே காட்டினான். பம்புகளும் இல்லை. பம்புகளுக்குப் பக்கத்தில் நிழலில் உட்கார்ந்திருந்தவரும் இல்லை.

மறுநாள்தான் அவரை எடுத்தார்கள்.

விசாரணைக்கு வந்த அதிகாரிகள் அவளையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர்கள் கண்டு சொன்னது இதுதான்: தண்ணீர் ஏறியபோது சுவரின் கால் ஊறிவிட்டது; ஆனால் அந்தத் தண்ணீரே சுவருக்கு முட்டாகவும் நின்றது; அதைச் சட்டென்று இறைத்ததும் முட்டுப் போய்விட்டது, ஊறின கால் மட்டும் மிஞ்சியது. ஒருவர் மேல் மட்டும் குற்றம் இல்லை என்று எழுதினார்கள். முதலாளி குழியை மூடினார். பம்புக்காரரின் குடும்பம் இருந்த ஊருக்கு மோட்டாரக்கா போனாள். அவர் மனைவி அவளை உட்காரச் சொன்னாள், யார் என்று கேட்டாள். “அவருக்கு முன்னாடி அந்த மோட்டார ஓட்டினவ” என்று மட்டும் சொல்ல முடிந்தது. அந்த அம்மாள் தலையசைத்துவிட்டு, அவர் உங்களைப் பற்றிச் சொன்னார் என்றாள். என்ன சொன்னார் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

சரிவு கறுப்புப் பட்டையை அகலமாகத் திறந்து போட்டிருந்தது. ஆயிரக்கணக்கில் காய்கள், முழு முழுக் கிளைகளோடு, ஊசியிலைகளோடு. எந்த ஆராய்ச்சிக்காரரும் கனவு காணுகிற காட்சி. காய் மேடம் அனுமதியோடு வந்து, கயிறு கட்டிக்கொண்டு, காற்றில் கெடுவதற்குள் முடிந்ததை எடுத்தாள். எடுக்கும்போது ஒருநாளும் சிரித்து மோட்டாரக்கா பார்க்கவில்லை. கடைசி நாள் கரையில் உட்கார்ந்திருந்தபோது மோட்டாரக்கா கேட்டாள்:

“நான் மோட்டார நிறுத்தாம இருந்திருந்தா என்ன மேடம் ஆயிருக்கும்?”

மேடம் கையிலிருந்த கயிற்றைச் சுற்றி வைத்தாள். “உங்க தம்பி அடியில இருக்கும்போது விழுந்திருக்கலாம். இல்ல, இன்னும் நாலு வருஷம் விழாமலே நின்னிருக்கலாம். பொய் சொல்ல எனக்குப் பிடிக்கலக்கா. தெரியல.”

“சரி” என்றாள் மோட்டாரக்கா. அந்தப் பதிலை அவள் எதிர்பார்த்திருந்தாள். வேறு பதில் வந்திருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

இப்போது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டி நிரப்புகிற வேலை பார்க்கிறாள். அங்கேயும் ஒரு வாரத்திலேயே மோட்டாரக்கா ஆகிவிட்டாள். தம்பி பேச ஆரம்பித்துவிட்டான், எப்போது என்று குறிப்பாகச் சொல்ல முடியாதபடி. முதலில் உப்பு எங்கே என்று கேட்டான். பிறகு மற்றதெல்லாம் வந்தது. சும்மா இருந்தால் வீடு ஓடுமா? போன மாதம் அவனுக்கு வேறொரு குழியில் பொக்லைன் வேலை கிடைத்தது. சேருவதற்கு முந்தின நாள் மாலையில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

“ஒருதடவை வந்து பாத்துட்டுப் போயேன்க்கா.”

போனாள். சிவப்பு மண் குழி. பழைய குழியைவிடச் சின்னது. விளிம்பு முழுக்கச் சுற்றி நடந்தாள். குனிந்து தரையைத் தடவினாள். சுவரில் எங்கேயும் கறுப்புப் பட்டை இல்லை, கசிவு இல்லை, மேலே விரிசல் இல்லை. வெயில் நேராக அடித்தது. சுவர் சுத்தமாக, யார் வீட்டுச் சுவரோ மாதிரி நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பயம்தான் கூடியது.

“என்னக்கா, எப்படி இருக்கு?”

“எனக்கு ஒண்ணும் தெரியலடா.”

“நல்லதா கெட்டதா, ரெண்டுல ஒண்ணு சொல்லு.”

“தெரியலன்னுதான் சொல்றேன்.”

அவன் சாவியைக் கையில் குலுக்கிக்கொண்டு சரிவுப் பாதையில் இறங்கினான். அவன் கேபின் கதவைத் திறந்து ஏறுவது வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கதவைச் சாத்தவில்லை. திறந்தே வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.